காஸ்தெல்லூச்சோ: பூக்களுக்கு அடியில் இருக்கும் பருப்பு

காஸ்தெல்லூச்சோ என்று இணையத்தில் தேடினால் வருகிற படங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாகப் பூத்துக் கிடக்கும் ஒரு பெரிய சமவெளி. அதன் கோடியில் ஒரு குன்று. குன்றின் உச்சியில் ஒரு ஊர். ஜூன் கடைசியிலும் ஜூலை முதல் வாரங்களிலும் இந்தக் காட்சியைப் பார்க்க இத்தாலியின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிகிறார்கள். நான் போனது ஆகஸ்டில். பூவெல்லாம் உதிர்ந்து, வயல்கள் வைக்கோல் நிறத்துக்கு மாறி, அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். வேண்டுமென்றேதான் அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தேன். பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள் நான். இப்போது பெருஜியாவில் மண்ணைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விவசாய ஊரை அறுவடையில் பார்க்காமல் வேறு எப்போது பார்ப்பது?

பெருஜியாவிலிருந்து ஸ்போலேத்தோ வந்து, அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாக நேரா என்கிற ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். இருபுறமும் செங்குத்தான காடு, நடுவில் குளிர்ந்த பச்சைத் தண்ணீர். ஒரு காலத்தில் ஸ்போலேத்தோவிலிருந்து நோர்ச்சா என்கிற ஊருக்குச் சின்ன ரயில் ஓடியிருக்கிறது. 1926-இல் தொடங்கி 1968-இல் நிறுத்திவிட்டார்கள். அதன் பாலங்களும் குகைகளும் இப்போது சைக்கிள் பாதையாகிவிட்டன. நோர்ச்சாவுக்குப் பேருந்து உண்டு. அதற்கு மேல் பேருந்தை நம்பிப் போக முடியாது. கூடப் படிக்கும் தோழி கார் ஓட்டினாள்.

நோர்ச்சா ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஸ்தெல்லூச்சோ 1452 மீட்டர். நிர்வாகத்தில் இது நோர்ச்சாவுக்கு உட்பட்ட சிற்றூர்தான். நடுவில் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான சாலை, வளைந்து வளைந்து ஏறுகிறது. மரங்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வெறும் புல்லும் கல்லும் ஆடுகளும்தான். ஒரு திருப்பத்தில் சாலை சட்டென்று இறங்கத் தொடங்க, கீழே பியானோ கிராந்தே சமவெளி விரிகிறது. தோழி வண்டியை ஓரம் கட்டினாள். இருவரும் இறங்கி நின்றோம். மலைகளுக்கு நடுவே ஒரு மரம்கூட இல்லாத, தட்டையான பெரிய நிலம். அதில் கோடு போட்டதுபோல வயல்கள். எதிர்ப்புறம் 2476 மீட்டர் உயரத்துக்கு வெத்தோரே மலை எழுந்து நிற்கிறது. தூரத்துக் குன்றின் மேல் ஊர் இருந்த இடத்தில் கிரேன்கள் தெரிந்தன.

இந்தச் சமவெளியைப் பற்றி நான் வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் நேரில் நின்று பார்க்கும்போதுதான் அது உடம்புக்குள் இறங்குகிறது. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை மலைகள். இங்கே விழும் மழையும் உருகும் பனியும் வெளியே போக ஆறு கிடையாது. பழங்காலத்தில் இது ஏரியாக இருந்தது. இப்போது மழைத் தண்ணீர் மெர்கானி என்கிற ஓடையில் சேர்ந்து, சமவெளியிலேயே இருக்கும் ஒரு குழிக்குள் இறங்கி, பாறைக்கு அடியில் மறைந்துபோகிறது. ஏரி விட்டுப்போன வண்டலும் மலையிலிருந்து அரித்து வந்த மண்ணும்தான் இந்த வயல்கள்.

சரி, இவ்வளவு உயரத்தில் இப்படி ஒரு பள்ளம் எப்படி வந்தது? வெத்தோரே மலையின் மேற்குச் சரிவில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வெளிறிய கோடு ஒன்று ஓடுகிறது. காரிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். அது நிலப்பிளவு. 2016 அக்டோபர் 30 காலை 7.40-க்கு, 6.5 அளவுள்ள நிலநடுக்கம் வந்தபோது அந்தப் பிளவின் ஒரு பக்கம் சில இடங்களில் ஏறக்குறைய 2 மீட்டர் வரை கீழே இறங்கியது. செயற்கைக்கோள் அளவீடுகளின்படி காஸ்தெல்லூச்சோ பகுதியின் நிலமே 70 சென்டிமீட்டர் வரை தாழ்ந்தது. இது முதல் முறை அல்ல. மனிதர்கள் எழுதி வைக்கத் தொடங்குவதற்கு முன்பிருந்தே, ஒவ்வொரு பெரிய அதிர்விலும் மலை கொஞ்சம் உயர்ந்து, பள்ளம் கொஞ்சம் இறங்கி, இறங்கிய இடத்தில் வண்டல் சேர்ந்து வந்திருக்கிறது. ஊரை இடித்த அதே பிளவுதான் அந்த ஊருக்குச் சோறு போடுகிற சமவெளியையும் உருவாக்கியது. இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது. வகுப்பில் இதை ஒரு வரைபடமாகப் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி அமத்ரீச்சே பக்கம் முதல் நிலநடுக்கம் வந்து ஏறக்குறைய முந்நூறு பேர் இறந்தார்கள். அக்டோபர் 26-இல் விஸ்ஸோ பக்கம் மறுபடியும் அதிர்ந்தது. அதனால் 30-ஆம் தேதி பெரிய அதிர்வு வந்தபோது இந்தப் பகுதியில் பலரும் ஏற்கெனவே வீடுகளைவிட்டு வெளியேறியிருந்தார்கள். நோர்ச்சாவில் புனித பெனடிக்ட் பேராலயம் சரிந்தது. முகப்புச் சுவர் மட்டும் நின்றது, அதன் முன்னால் புனிதரின் சிலையும். காஸ்தெல்லூச்சோவில் பெரும்பாலான வீடுகள் கல்குவியலாகின. ஆனால் அந்தக் காலை அதிர்வில் யாரும் சாகவில்லை.

ஊருக்குள் இன்று பார்க்க அதிகம் இல்லை என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். பழைய தெருக்களும் பதினாறாம் நூற்றாண்டு தேவாலயமும் பழைய படங்களில்தான் இருக்கின்றன. சுற்றிலும் வேலி, உள்ளே கட்டட வேலை. குன்றின் சரிவில் 2018-இல் கட்டிய நீளமான ஒரு கட்டடத்தில் உணவகங்கள் இயங்குகின்றன. அந்தக் கட்டடத்தின் தோற்றம் பலருக்குப் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது உறுத்தவில்லை. சமைக்க ஓர் இடமும், பருப்பு மூட்டையை விற்க ஓர் இடமும் இல்லாவிட்டால் இங்கே யார் திரும்பி வந்திருப்பார்கள்?

நாங்கள் தேடி வந்தது லென்டிக்கியாவை. நம் கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று கிடைப்பதும் இதுவும் ஒரே பயிரினம். அங்கே உடைத்த சிவப்புப் பருப்பு. இங்கே தோலோடு முழுசாக, மிகச் சின்னதாக. ஒரு கைப்பிடி அள்ளினால் ஒரே நிறமாக இருக்காது: பழுப்பு, பச்சை, மஞ்சள், புள்ளி போட்டது, எல்லாம் கலந்திருக்கும். தேர்ந்தெடுத்து ஒரே மாதிரி ஆக்கிய வணிக ரகம் இல்லை இது. தலைமுறை தலைமுறையாக இதே நிலத்தில் விதைத்து, அதிலிருந்தே விதைக்கு எடுத்துவைத்து வந்த கலப்பு. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. காஸ்தெல்லூச்சோ தி நோர்ச்சா என்ற பெயர் போட்டு விற்க வேண்டுமானால் வரையறுத்த இந்த மலைப்பகுதியில் விளைந்ததாக இருக்க வேண்டும்.

ஒரு வயலோரமாக வண்டியை நிறுத்தி, வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பார்க்கலாமா என்று கேட்டோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் வெளுத்துப்போன துணித்தொப்பி. இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய மகன். "வா மகளே, வா, ஆனால் வரப்போடு வா" என்றார். முதலில் அவர் பார்த்தது எங்கள் கால் எங்கே படுகிறது என்பதைத்தான். பூக்காலத்தில் படம் எடுக்கிறேன் என்று பயிருக்குள் இறங்கி நடப்பவர்கள் அவரை எவ்வளவு வாட்டியிருக்க வேண்டும் என்று அந்த ஒரு பார்வையில் புரிந்தது. வயலுக்குள் இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், கட்டுப்பாடும் உண்டு. லென்டிக்கியாச் செடி முழங்கால் உயரம்கூட வராது. கொடி மாதிரித் துவண்டு கிடக்கும். மிதித்தால் எழாது. ஒரு காயில் ஒன்றோ இரண்டோ மணிதான். ஒரு படத்துக்காக நாலு அடி உள்ளே போகிறவர் எத்தனை பேருடைய ஒரு வேளைச் சாப்பாட்டை மிதிக்கிறார்!

அறுவடை இப்படி நடக்கிறது. செடியை முதலில் வெட்டி வரிசையாகப் போட்டு வயலிலேயே காயவிடுகிறார்கள். ஒரே வயலில் கீழ்க்காய் முற்றியிருக்கும், மேல்காய் பச்சையாக இருக்கும். அதனால் உடனே அடிக்க முடியாது. நன்றாகக் காய்ந்தபின் இயந்திரம் வந்து வாரி அடித்துக்கொண்டு போகிறது. இடையில் மழை பெய்தால் கஷ்டம். இவ்வளவு உயரத்தில் ஆகஸ்டில் மதியம் இடியோடு மழை வருவது சாதாரணம். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பெரியவரின் ஒரு கண் வெத்தோரே உச்சியில் கூடிக்கொண்டிருந்த மேகத்தின் மேல்தான் இருந்தது.

"என் அம்மா காலத்தில் எல்லாம் கைதான்" என்றார். செடியை வேரோடு கையால் பிடுங்கிச் சிறு குவியல்களாக வைப்பார்களாம். அந்த வேலைக்கு மலைக்கு அந்தப் பக்கம், மார்க்கே மாநிலத்து ஊர்களிலிருந்து பெண்கள் கூட்டமாக வருவார்கள். கார்ப்பிரீனே என்று அவர்களுக்குப் பெயர். குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுக்கப் பிடுங்குவார்கள். பிறகு களத்தில் மாடும் குதிரையும் விட்டு மிதிக்கவைத்து, காற்றில் தூற்றி, சல்லடையில் சலித்து எடுப்பார்கள். இதைச் சொல்லும்போது அவர் கை தானாகத் தூற்றுகிற மாதிரி அசைந்தது. என் அப்பாயி முறத்தைப் பிடிக்கும் கையும் அப்படித்தான் அசையும்.

இனி பூக்களுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத ஆரம்பித்தேன்.

மலைப் புல்வெளியில் தானாக மலரும் காட்டுப் பூக்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுற்றியுள்ள மேய்ச்சல் சரிவுகளில் அப்படிப்பட்டவையும் உண்டு. ஆனால் படங்களில் வரும் அந்தப் பட்டைகள், அந்தச் செக்கச்செவேலென்ற சிவப்பும் ஆழ்ந்த நீலமும், எல்லாம் வயலின் களைகள். சிவப்பு என்பது கசகசா இனத்தைச் சேர்ந்த காட்டுப் பாப்பி. நீலம் ஃபியோர்தலீசோ, ஆங்கிலத்தில் கார்ன்ஃபிளவர். மஞ்சளில் பெரும்பகுதி காட்டுக் கடுகு. பாப்பியும் ஃபியோர்தலீசோவும் ஓராண்டுச் செடிகள். உழுத மண் இல்லாவிட்டால் அவற்றுக்கு வாழ்க்கை இல்லை. பாப்பியின் விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். கலப்பை மண்ணைப் புரட்டி அதன் மேல் வெளிச்சம் படும்போதுதான் முளைக்கும். உழவை நிறுத்தினால் சில ஆண்டுகளில் புல் மூடிவிடும், பாப்பி ஒதுங்கிவிடும். ஐரோப்பா முழுவதும் கோதுமை வயல்களில் ஒரு காலத்தில் இவை இருந்தன. களைக்கொல்லியும் சுத்தம் செய்த விதையும் வந்தபிறகு பெரும்பாலான இடங்களிலிருந்து போய்விட்டன. இங்கே லென்டிக்கியா வயலில் களைக்கொல்லி அடிப்பதில்லை. விளைச்சலில் ஒரு பங்கைக் களைகளுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். ஏற்கெனவே குறைவாக விளையும் பயிர், அதிலும் ஒரு பங்கு போகிறது. பார்க்க வருகிறவர்கள் அனுபவிக்கிற அழகுக்கு, அந்த விட்டுக்கொடுத்த விளைச்சல்தான் விலை. அதைக் கொடுப்பவர் விவசாயி.

வயல்கள் ஏன் பட்டை பட்டையாகத் தெரிகின்றன என்றும் பெரியவர் காட்டினார். ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் லென்டிக்கியா போடுவதில்லை. கோதுமை போன்ற தானியம், அப்புறம் கால்நடைகளுக்கான புல் என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். லென்டிக்கியாவின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால் இதற்கு உரம் பெரிதாகத் தேவையில்லை. அடுத்து வரும் தானியத்துக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு பயிரோடும் வெவ்வேறு களை, வெவ்வேறு நிறம். விதைப்பது பனி உருகிய பின், மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ. அறுவடை ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. இந்தக் குறுகிய கோடைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். தாமதித்தால் அந்த ஆண்டு போயிற்று.

2017 வசந்தத்தைப் பற்றி அவரே பேச ஆரம்பித்தார். நாங்கள் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தோம். நிலநடுக்கத்தில் சாலை உடைந்து மூடிக் கிடந்தது. வீடு இல்லை. குடும்பங்கள் கடலோர விடுதிகளிலும் உறவினர் வீடுகளிலும் சிதறியிருந்தன. ஆனால் விதைப்புக் காலம் வந்துவிட்டது. ஏப்ரலில் விவசாயிகள் டிராக்டர்களை வரிசையாக, பாதுகாப்போடு, மலைமேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். செய்தித்தாள்களில் வந்த அந்தப் படங்களை நான் பார்த்திருக்கிறேன்: வளைந்து ஏறும் சாலையில் டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக. "நிலம் கீழே இறங்கிவிட்டது என்றார்கள். போய்ப் பார்த்தோம். இறங்கினால் என்ன, மண் அங்கேதான் இருந்தது. விதைத்தோம்" என்றார் பெரியவர். அந்த ஆண்டும் பூத்தது. இடிந்த ஊருக்குக் கீழே பூத்த வயல்களைப் பார்த்து உலகமே நெகிழ்ந்தது, இயற்கையின் மீட்சி என்று எழுதியது. அப்படி எழுதியவர்கள் டிராக்டரை விட்டுவிட்டார்களே என்று எனக்கு இன்னமும் ஆதங்கம். மண்ணை யாரும் புரட்டாமல் இருந்திருந்தால் அந்தச் சிவப்பு வந்திருக்காது.

ஊரில் நிரந்தரமாக இருந்தவர்கள் நிலநடுக்கத்துக்கு முன்பே நூற்றுச் சொச்சம் பேர்தான். குளிர்காலத்தில் அதைவிடக் குறைவு. பெரியவரின் குடும்பம் இப்போது நோர்ச்சாவில் இருக்கிறது. தினமும் மலையேறி வந்து வேலை செய்துவிட்டு இறங்குகிறார்கள். நோர்ச்சாவின் மதிலுக்கு வெளியே, வீடிழந்தவர்களுக்காக அமைத்த சிறிய வீடுகளின் வரிசைகளை வரும் வழியில் பார்த்திருந்தோம். புதிய வீடு எப்போது கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மகனுக்குப் பிறகு யார் என்ற கேள்வியை மட்டும் அவரே எடுத்தார். பேத்தி பெருஜியாவில் வேளாண்மை படிக்கப் போகிறாளாம். என் படிப்பைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மண் பரிசோதனை எப்படிச் செய்கிறோம், படித்து முடித்தால் என்ன வேலை, அங்கே தங்க என்ன செலவு என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டார். என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பெண் கூப்பிட்டால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வேன்.

மதியம் அந்த நீளக் கட்டடத்தில் ஓர் உணவகத்தில் லென்டிக்கியா சூப் சாப்பிட்டோம். பூண்டு, செலரி, ஆலிவ் எண்ணெய், ஓரத்தில் சுட்ட ரொட்டி. அவ்வளவுதான். இதில் மசாலாவுக்கு வேலையே இல்லை. பருப்புக்கே ஒரு மண்வாசனையும் லேசான இனிப்பும் இருக்கிறது. தோழி பன்றிக்கறித் தொத்திறைச்சி சேர்த்த தட்டை வாங்கினாள். நோர்ச்சாக்காரர்கள் பன்றி இறைச்சி பதப்படுத்துவதில் இத்தாலி முழுக்கப் பெயர் பெற்றவர்கள். புத்தாண்டு இரவில் இத்தாலியர்கள் லென்டிக்கியா சாப்பிடுவது வழக்கம். மணி நாணயம் போல இருப்பதால் வரும் ஆண்டு பணம் சேரும் என்று நம்பிக்கை. அதனால் டிசம்பரில் இதற்குக் கிராக்கி அதிகம்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது எதிர்ச்சரிவில் இத்தாலி வரைபட வடிவில் ஒரு காடு தெரிந்தது. நாடு ஒன்றான நூறாவது ஆண்டை ஒட்டி, 1961-இல் நட்டது. வடக்கே இன்னொரு சமவெளி இருக்கிறது. பியான் பெர்தூத்தோ, இழந்த சமவெளி. 1522-இல் மேய்ச்சல் நிலத்துக்காக விஸ்ஸோக்காரர்களோடு நடந்த சண்டையில் நோர்ச்சா அதைப் பறிகொடுத்தது. புல்லுக்கும் மண்ணுக்கும் இங்கே எவ்வளவு மதிப்பு என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

போக நினைப்பவர்களுக்கு: பூதான் பார்க்க வேண்டும் என்றால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை, ஒவ்வோர் ஆண்டின் குளிரைப் பொறுத்து முன்பின்னாகும். அந்த வார இறுதிகளில் கார்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும். கீழே நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற வேண்டியிருக்கலாம். முடிந்தால் வேலை நாளில் போங்கள். வரப்பைவிட்டு இறங்காதீர்கள். நோர்ச்சாவில் தங்கலாம். கோடையிலும் மேலே காற்று குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். பருப்பை அங்கேயே விவசாயிகளிடம் வாங்குங்கள். பையில் புவிசார் குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சூப்பர்மார்க்கெட் பருப்பைவிடப் பல மடங்கு விலைதான். களைக்கு விட்ட பங்கையும் மழைக்குப் பயந்த நாட்களையும் நினைத்தால் எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

ஊறவைக்க வேண்டாம். கல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக் கழுவிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் பூண்டும் செலரித் தண்டும் போட்டு மெல்லிய தீயில் வையுங்கள். தோல் மெலிசு, இருபது முப்பது நிமிடத்தில் வெந்துவிடும். குக்கர் வேண்டவே வேண்டாம், குழைந்துபோகும். உப்பைக் கடைசியில் போடுங்கள். ஆலிவ் எண்ணெயை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள்.